வினாத்தாளை எப்போது திறப்பது?

மன்னார் தீவின் ஓலைத்தொடுவாயில் தரம் 11 படிக்கும் பிள்ளையும் கொழும்பின் பெரிய கல்லூரியொன்றில் படிக்கும் பிள்ளையும் ஒரே காலையில், ஒரே நேரத்தில், ஒரே வினாத்தாளைத் திறக்கிறார்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை இலங்கை முழுவதற்கும் ஒன்றுதான். மொழி மாறும், வினா மாறாது. அந்த மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன் இருவருக்கும் வாய்த்தவைதான் வேறு வேறு. ஒருவருக்குத் தெருமுனையிலேயே நாலு ரியூஷன் வகுப்பு, சனிக்கிழமைகளில் கருத்தரங்கு. மன்னார் தீவின் மணல் கிராமங்களில் உள்ளவருக்கு, நல்ல கணித வகுப்பொன்றுக்குப் போவதென்றால் தலைமன்னார் வீதியில் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க வேண்டும். வகுப்பு முடிந்து இருட்டுக்குள் திரும்ப வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு நடுவிலும் இருவர் கைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி எட்டும் பொருள் ஒன்று உண்டு. அது பழைய வினாத்தாள். பிள்ளைகள் வாயில் ‘பாஸ்ட் பேப்பர்’. அதை வாங்காத வீடு அரிது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: “பாடமெல்லாம் முடியட்டும், கடைசி இரண்டு மாதம் பேப்பர் செய்யலாம்.” நினைவைப் பற்றி நூறு வருடத்துக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகளோடு இந்தப் பதில் ஒத்துப்போகவில்லை.

1939ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார். நிலக்கடலை பற்றியும் மூங்கில் பற்றியும் சிறு கட்டுரைகளைப் பிள்ளைகள் வாசித்தார்கள். சிலருக்கு வாசித்த அன்றே வினாக்கள் கொடுக்கப்பட்டன. சிலருக்கு ஒரு நாள் கழித்து, சிலருக்கு ஒரு வாரம் கழித்து, இன்னும் சிலருக்கு அதற்கும் பிந்தி. முதல் தேர்வு எவ்வளவு பிந்தியதோ அவ்வளவுக்கு மறதி முந்திக்கொண்டது. வாசித்த கையோடு வினாவுக்கு விடை எழுதியவர்கள் வாரக்கணக்கில் கழிந்த பிறகும் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். மறதியைத் தடுத்தது மறுபடி வாசித்ததல்ல. ஒருமுறை விடை தேடி மூளையைத் துழாவியதுதான்.

ஸ்பிட்ஸரின் முடிவு பல ஆண்டுகள் பெரிதாகப் பேசப்படவில்லை. அதை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும். 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் மாணவர்கள் மூன்று அணி. முதல் அணி ஒரு பாடப்பகுதியை நான்கு தடவை படித்தது. இரண்டாம் அணி மூன்று தடவை படித்து, ஒருமுறை தாளை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதியது. மூன்றாம் அணி ஒரே ஒரு தடவை படித்தது, மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதலிடம் நான்கு தடவை படித்தவர்களுக்கு: 83 வீதம். ஒரு தடவை படித்து மூன்று தடவை எழுதியவர்கள் 71 வீதத்தில் நின்றார்கள். ஒரு வாரம் போனது. நான்கு தடவை படித்தவர்கள் 40 வீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். ஒருமுறை எழுதிப் பார்த்தவர்களிடம் 56 வீதம், மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களிடம் 61 வீதம் மிஞ்சியிருந்தது.

இதில் இன்னொரு எண் இன்னும் முக்கியமானது. நான்கு தடவை படித்த அணி, தனக்குக் கொடுத்த நேரத்துக்குள் அந்தப் பகுதியைச் சராசரியாக 14 முறைக்கு மேல் வாசித்து முடித்திருந்தது. மூன்று தடவை எழுதிப் பார்த்த அணி வாசித்தது மூன்றரை முறைகூட இல்லை. ஒரு வாரத்தில் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பேசியவர்கள் 14 முறை வாசித்தவர்கள்தான்.

இந்தப் பொய்யான நம்பிக்கைதான் மாணவரின் பெரிய எதிரி. பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எழுத்துகள் பழகிப்போகின்றன. கண் தடையில்லாமல் ஓடுகிறது. “இது தெரிந்ததுதானே” என்று மனம் சொல்லிவிடுகிறது. பழகிய முகத்தைக் கண்டுகொள்வதும் அந்த முகம் எதிரில் இல்லாதபோது பெயரை ஞாபகத்திலிருந்து எடுப்பதும் இரண்டு வேலை. பரீட்சை கேட்பது இரண்டாவதை. 2009இல் அதே ஆய்வாளர்கள் 177 கல்லூரி மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று விசாரித்தபோது, 84 வீதத்தினர் குறிப்பை மறுபடி வாசிப்பதாகச் சொன்னார்கள். தம்மைத் தாமே சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 வீதம்தான். ஆக இது ஓலைத்தொடுவாய்ப் பிள்ளைக்கு மட்டுமான பழக்கமல்ல. வசதியான பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் அதையேதான் செய்கிறார்கள்.

வினாத்தாளையும் வாசிப்புப் புத்தகமாக மாற்றிவிட முடியும் என்பதுதான் வருத்தம். கடைகளில் விற்கும் பத்து வருட வினா விடைத் தொகுப்புகளில் வினா ஒரு பக்கம், விடை அடுத்த பக்கம் இருக்கும். பிள்ளை வினாவை வாசிக்கிறது. அரை நிமிடம் யோசிக்கிறது. விடையைப் பார்க்கிறது. “ஓம், இப்படித்தான்” என்று தலையாட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறது. ஒரு பின்னேரத்தில் மூன்று பேப்பர் ‘முடிந்துவிடும்’. உண்மையில் நடந்தது வாசிப்பு. வினாவுக்கும் விடைக்கும் நடுவில் தனியாகத் தவிக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்கள் நடக்கவே இல்லை. நினைவு பலப்படுவது அந்த நிமிடங்களில்தான்.

ஒரு வினாவைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். பரீட்சையில் வந்த வினா அல்ல, அந்த வகையில் இங்கே ஆக்கியது. ‘அடியின் ஆரை 7 சென்ரிமீற்றர், செங்குத்துயரம் 24 சென்ரிமீற்றர், சாயுயரம் 25 சென்ரிமீற்றர் உடைய ஒரு திண்மக் கூம்பு உருக்கப்பட்டு, உலோகம் வீணாகாமல் ஒரு கனவுரு வார்க்கப்படுகிறது. அதன் அடி 14 சென்ரிமீற்றர் நீளமும் 8 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. அதன் உயரம் யாது? பையின் பெறுமானத்தை 22/7 எனக் கொள்க.’ விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு இது இரண்டு வரிக் கணக்கு. கூம்பின் கனவளவு 1,232 கன சென்ரிமீற்றர். அதை 14, 8 இரண்டின் பெருக்கமான 112ஆல் வகுத்தால் 11. தலையாட்ட வேண்டியதுதான். வெறும் தாளோடு உட்கார்ந்தவர் வேறு இடத்தில் மாட்டிக்கொள்வார். வாய்பாட்டில் 24ஐப் போடுவதா, 25ஐப் போடுவதா? மூன்றில் ஒன்று வருமா, வராதா? 25ஐப் போட்டவருக்குக் கனவளவு 1,283.33… என்று வால் நீளும். அங்கேதான் அவர் நின்று யோசிப்பார். சாயுயரம் வளைபரப்புக்கு, செங்குத்துயரம் கனவளவுக்கு என்ற வேறுபாடு அந்தத் தடுமாற்றத்துக்குப் பிறகு மறக்காது. விடையை வாசித்தவருக்கோ அந்த 25 வினாவில் ஏன் நிற்கிறது என்ற கேள்வியே எழுந்திருக்காது.

பிழை விட்டு, பிறகு சரியானதைத் தெரிந்துகொள்வது நினைவைக் குழப்பிவிடும் என்று பல ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் காட்டுவது வேறு. சரியென்று உறுதியாக நம்பி எழுதிய விடை பிழையாகிப்போனால், திருத்தம் இன்னும் ஆழமாகப் பதிகிறது. இதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: திருத்தம் உண்மையாகவே கிடைக்க வேண்டும். பல்தேர்வு வினாக்களில் இது மிகவும் முக்கியம். ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005இல் காட்டியபடி, பிழையான தெரிவைச் சரியென்று குறித்துவிட்டுத் திருத்தாமல் போனால், அந்தப் பிழை ஓர் அறிவாகவே தங்கிவிடக்கூடும். சாதாரண தர விஞ்ஞானத்தின் முதலாம் பத்திரத்தில் 40 வினா, ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவு, ஒரு மணி நேரம். அதைச் செய்துவிட்டு “28 சரி” என்று எண்ணிப் புத்தகத்தை மூடும் பிள்ளை, மீதி 12 பிழைகளையும் கூடவே மனதில் எடுத்துக்கொண்டு போகிறது.

இன்னொரு வழியில் பார்த்தால், 40 வினாவுக்கு 160 கூற்றுகள். சரியான தெரிவைக் குறித்த பிறகு, மற்ற மூன்றும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வசனம் எழுதச் சொன்னால், ஒரே பத்திரம் பாடத்திட்டத்தின் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். பத்துப் பத்திரத்தை மேலோட்டமாகச் செய்வதை விட, இரண்டு பத்திரத்தை இப்படிப் பிய்த்து ஆராய்வது நல்லது என்பதில் ஐயமில்லை. தாள் வாங்கக் காசு எண்ண வேண்டிய வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. 2022 மார்ச்சில் நாடே தாள் தட்டுப்பாட்டில் சிக்கி, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போடப்பட்ட நிலை பலருக்கு நினைவிருக்கும். தலைநகரைச் சுற்றியே அப்படியென்றால், தீவுக் கிராமத்தில் நூறு பக்கம் போட்டோக்கொப்பி எடுப்பது எப்போதுமே யோசித்துச் செய்யும் செலவுதான்.

திருத்துவதற்கு எதை வைத்துக்கொள்வது? இங்கேதான் பலர் கவனிக்காத நல்ல கருவிகள் கிடக்கின்றன. பரீட்சைத் திணைக்களம் வினாத்தாளோடு நின்றுவிடுவதில்லை. புள்ளியிடும் திட்டங்களும் வெளிவருகின்றன, பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கைகளும் வெளிவருகின்றன. புள்ளியிடும் திட்டத்தைப் பார்த்தால், கணிதத்தில் இறுதி விடைக்கு மட்டும் புள்ளி இல்லை, படிமுறைக்கும் உண்டு என்பது கண்முன் தெரியும். மேலே சொன்ன கூம்புக் கணக்கில் வகுத்தலில் சறுக்கினாலும், வாய்பாட்டையும் பிரதியிடலையும் சரியாக எழுதியவர் வெறுங்கையோடு போகமாட்டார். மனதுக்குள் கணக்கைச் செய்து விடையை மட்டும் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளை புள்ளியை இழப்பது எதனால் என்பதும் அங்கேயே விளங்கும்.

மதிப்பீட்டு அறிக்கை அதைவிடச் சுவையானது. ஒரு பல்தேர்வு வினாவுக்கு எத்தனை வீதத்தினர் முதலாம் தெரிவைக் குறித்தார்கள், எத்தனை வீதத்தினர் இரண்டாவதைக் குறித்தார்கள் என்று அது சொல்லும். எந்த வினாவில் நாடே சறுக்கியது, எந்தப் பிழையான தெரிவு பெரும்பாலானவர்களை இழுத்தது என்பது தெரிகிறது. ஆசிரியர் ஒருவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வினாக்களை மட்டும் வகுப்பில் எடுத்தாலே ஒரு தவணைக்கான வேலை இருக்கிறது. ஆசிரியர் மேசைகளில் இது இன்னும் அதிகம் புழங்க வேண்டும்.

மற்றவற்றைத் தேடுவதும் கடினமல்ல. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடவாரியாக வினாக்கள் உண்டு. மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயங்களும் நடத்தும் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் வட்ஸ்அப் குழுக்களில் கைமாறுகின்றன. உயர்தரத்துக்குப் போனபின் வடக்குப் பிள்ளைகள் எல்லோரும் கேள்விப்படும் பெயர் ஒன்று இருக்கிறது: தொண்டைமானாறு வெளிக்கள நிலையம். அதன் தவணை வினாத்தாள்களைச் செய்யாமல் உயர்தர மண்டபத்துக்குள் போனவர் வடமாகாணத்தில் குறைவு. இவற்றுக்கெல்லாம் முன்னால், பையில் ஏற்கெனவே கிடக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1980 முதல் இலவசமாக வழங்கப்படும் பாடநூல்களில் ஒவ்வோர் அலகின் முடிவிலும் பயிற்சிகள் இருக்கின்றன. பாடத்தோடு மிக நெருங்கிய வினாக்கள் அவைதான். அவற்றைத் தாண்டிக்கொண்டு ‘எதிர்பார்க்கை வினா’ தேடி ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

கிடைத்ததை எல்லாம் செய்யவும் கூடாது. தற்போதைய பாடத்திட்டத்தின்படி சாதாரண தரப் பரீட்சை முதலில் நடந்தது 2016இல். அதற்கு முந்திய கணித, விஞ்ஞானப் பத்திரங்களில் நல்ல வினாக்கள் உண்டு. ஆனால் பத்திரத்தின் அமைப்பும் சில அலகுகளும் வேறு. வினாவைத் தனியாக எடுத்துச் செய்யலாம், நேரம் வைத்து முழுப் பத்திரமாகச் செய்ய அவை உகந்தவை அல்ல. வருடத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் பரீட்சைகள் பிந்தியதால், 2020ஆம் ஆண்டுப் பத்திரம் எழுதப்பட்டது 2021 மார்ச்சில், 2021ஆம் ஆண்டுப் பத்திரம் 2022 மேயில், 2023க்குரியது 2024 மேயில். தேடும்போது தலைப்பில் அச்சிட்ட வருடத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சை நடந்த வருடத்தை வைத்துத் தேடினால் ஒரே பத்திரம் இரண்டு பெயரில் கைக்கு வரும், இன்னொன்று விடுபட்டுப்போகும். பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலிருந்து வரும் பத்தாம் வகுப்புக் காணொளிகள் பாடம் விளங்க உதவும். பயிற்சி வினாவாக அவற்றை நம்புவது சரிவராது. வினா கேட்கும் முறையும் கலைச்சொல்லும் வேறு.

எதிர்பார்க்கை வினாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பரீட்சைக்கும் சில நாள் முன்பாக ஒரு திகதியை அறிவித்து, அதன் பிறகு மேலதிக வகுப்பு, கருத்தரங்கு, பரீட்சையில் வரும் என்று சொல்லி மாதிரி வினா அச்சிடல், பகிர்தல் யாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்கிறது. மீறுவது 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டத்தின் கீழ் குற்றம். ஒழுங்குக்காக வந்த தடை என்றாலும், கற்றல் அறிவியலும் அதன் பக்கம்தான் நிற்கிறது. பழைய பத்திரத்தின் பயன், அடுத்த வருடம் என்ன வரும் என்று குறி சொல்வதில் இல்லை. படித்ததை எடுத்துத் தரப் பழகும் இடம் அது. கடைசி மூன்று நாள் ‘வரக்கூடிய பத்து வினா’வைப் பாடமாக்குவதால் அந்தப் பழக்கம் வராது.

பத்திரத்தை முழுதாகச் செய்வதா, அலகு அலகாகப் பிரித்துச் செய்வதா என்பதில் ஆசிரியர்களிடையே இரண்டு கட்சி உண்டு. 2007இல் டக் ரோரரும் கெலி டெய்லரும் நான்கு வகைத் திண்மங்களின் கனவளவைக் காணும் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு அணி ஒரு வகையை முடித்து அடுத்த வகைக்குப் போனது. மற்ற அணிக்கு எல்லா வகையும் கலந்து வந்தன. பயிற்சி நேரத்தில் வகை வகையாகச் செய்தவர்கள் 89 வீதம், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: வகை வகையாகச் செய்தவர்கள் 20 வீதம், கலந்து செய்தவர்கள் 63. அலகு வாரியான தொகுப்பில் ‘கூம்பு’ என்று தலைப்பு இருக்கிறது, எந்த வாய்பாடு என்று தேட வேண்டியதில்லை. பரீட்சையில் தலைப்புப் போட்டு யாரும் வினா தருவதில்லை. எனவே புதிதாகப் படித்த அலகுக்கு முதல் சில வினாக்களைத் தனியாகச் செய்துவிட்டு, சீக்கிரமே கலவைக்கு மாறுவது நல்லது. தரம் 10இலேயே ஒரு பழைய பத்திரத்தை எடுத்து, படித்து முடித்த அலகுகளின் வினாக்களை மட்டும் வட்டமிட்டுச் செய்யலாம். மற்றவை மிச்சமிருக்கட்டும். ஆறு மாதத்தில் அதே பத்திரம் மறுபடி பயன்படும்.

எவ்வளவு நாள் இடைவெளி விட்டு மறுபடி செய்வது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நிக்கோலஸ் செப்பேடாவும் சகாக்களும் 2008இல் 1,350க்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், இறுதிச் சோதனை 35 நாளில் என்றால் மீட்டல் 11 நாள் இடைவெளியில் நன்றாக வேலை செய்தது. 70 நாளில் என்றால் 21 நாள். பரீட்சைக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் இருக்கும் பிள்ளை, இன்று பிழைவிட்ட வினாக்களைத் தனிக் கொப்பியொன்றில் விடையில்லாமல் எழுதிவைத்து, மூன்று வாரம் போனதும் அவற்றை மட்டும் மறுபடி செய்ய வேண்டும் என்பது இதன் பொருள். நாளைக்கே செய்தால் எல்லாம் சரியாக வரும். அந்தச் சரியில் பெரிய பலன் இல்லை, கொஞ்சம் மறந்த பிறகு தேடி எடுப்பதில்தான் பலன்.

வகுப்பறைக்குள்ளும் இதைக் கொண்டுவரலாம், செலவே இல்லை. பாடம் தொடங்கும்போது கரும்பலகையில் மூன்று வினா: ஒன்று நேற்றையது, ஒன்று போன மாதத்தது, ஒன்று போன வருடத்தது. பிள்ளைகள் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவார்கள், தாங்களே திருத்துவார்கள், புள்ளிப் பதிவு கிடையாது. பூஜா அகர்வாலும் குழுவினரும் 1,408 நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டபோது, இப்படி அடிக்கடி வினாவுக்கு விடை எழுதியது கற்க உதவியது என்று 92 வீதத்தினர் சொன்னார்கள். பெரிய பரீட்சைக்கு முன்னான பதற்றம் குறைந்தது என்றவர்கள் 72 வீதம். பரீட்சை என்றாலே பயம் என்று நினைக்கும் பெற்றோர் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும்.

நேரம் வைத்து முழுப் பத்திரம் செய்வதைத்தான் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க இடமில்லையென்றால், சனிக்கிழமை பாடசாலையையோ கோவில் மண்டபத்தையோ ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்டு வாங்கலாம். தாள் ஒன்று இருந்தால் போதும், வினாக்களைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். கணிதத்தின் இரண்டாம் பத்திரத்தில் இரு பகுதியிலும் ஆறு ஆறு வினா, ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு விடையளிக்க வேண்டும். 180 நிமிடத்துக்குப் பத்து வினா, அதாவது ஒன்றுக்கு 18 நிமிடம். அதற்கு முன்னால் மேலதிக வாசிப்புக்கு 10 நிமிடம் தருகிறார்கள். பயிற்சியின்போது இந்தப் பத்து நிமிடத்தைப் பலரும் விட்டுவிட்டு நேரே எழுதத் தொடங்குகிறார்கள். அதையும் ஒத்திகை பார்க்க வேண்டும்: பேனாவைத் தொடாமல் 12 வினாவையும் வாசித்து, ஒவ்வொரு பகுதியிலும் விட்டுவிடப் போகும் ஒன்றை முதலில் தீர்மானிப்பது, கையில் உறுதியாக இருக்கும் வினாவிலிருந்து எழுதத் தொடங்குவது, 18 நிமிடம் தாண்டிய வினாவில் இடம் விட்டு அடுத்ததற்குப் போவது. திருத்தும் நாளில், விடப்பட்ட அந்த இரண்டு வினாக்களையும் செய்து பார்த்துவிட்டுத்தான் பத்திரத்தை எடுத்துவைப்பது.